சீன பைக் வாங்கப் போகிறேன், எதைப் பார்த்து வாங்குவது?

ஈரோட்டில் குடும்பத்தோடு துணி மொத்த வியாபாரம் செய்யும் 34 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். இத்தனை நாளும் 100 சிசி வண்டி ஓட்டியவர். இப்போது 500 சிசி, இரண்டு சிலிண்டர் கொண்ட நெடுந்தூரப் பயண வண்டி ஒன்றின்மேல் ஆசை வந்திருக்கிறது. வண்டி சீனத் தயாரிப்பு. ஷோரூம் விலை 6.2 லட்சம். கோவையில் உள்ள டீலரிடம் 25,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டார். டீலர் கொடுத்த விலைப்பட்டியலில் "ஹேண்ட்லிங் 9,500" என்றும் ஒரு வரி இருக்கிறதாம். "வியாழக்கிழமை பெட்டி இறங்கும், வெள்ளிக்கிழமை பாகங்களைப் பூட்டிவிடுவோம், சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போகலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள்.

பணம் கட்டிய பிறகுதான் குழப்பம் ஆரம்பித்திருக்கிறது. "சீனாக்காரன் சாமான் ரெண்டு வருஷம் தாங்காது" என்பது அப்பாவின் தீர்ப்பு. மனைவிக்கு வண்டியின் எடையைப் பார்த்தே பயம். திருப்பூரில் சீனாவிலிருந்து பின்னலாடை இயந்திரம் வரவழைக்கும் நண்பர், "அதே கன்டெய்னரில் உனக்கும் ஒரு வண்டி போட்டுக்கொண்டு வந்துவிடலாம், பாதி விலை" என்கிறார். யூடியூபில் பார்த்த அமெரிக்க வீடியோக்களில், சீன வண்டி வந்ததும் எல்லா போல்ட்டையும் கழற்றி மாட்ட வேண்டும், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்ற வேண்டும் என்கிறார்களாம். 30 நாளுக்குள் கோளாறு வந்தால் புது வண்டி தர வேண்டும் என்று சட்டம் இருப்பதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். வாங்கிய கையோடு வேறு சைலன்சர், கூடுதல் விளக்கு, பக்கப் பெட்டிகள் மாட்டும் திட்டமும் இருக்கிறது. "வாங்கலாமா, முன்பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?" என்று முடிகிறது கடிதம்.

தம்பி, நான் வண்டி விற்கிறவனும் இல்லை, வண்டி விமர்சனம் எழுதுகிறவனும் இல்லை. காப்பீட்டு நிறுவனங்களுக்காக விபத்து வண்டிகளைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர். நுகர்வோர் வழக்குகளில் நிபுணர் அறிக்கையும் எழுதித் தருகிறேன். வண்டி வாங்கும் நாளின் சந்தோஷத்தை நான் பார்ப்பதில்லை. விழுந்த பிறகு, நின்ற பிறகு, சண்டை வந்த பிறகுதான் என்னிடம் வருகிறது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துச் சொல்கிறேன்.

முதலில் அப்பாவுக்கு. அவர் சொல்வது இருபது ஆண்டுக்கு முந்தைய சீன வண்டிகளுக்குப் பெருமளவு பொருந்தும். இப்போது அப்படி ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. 1911-ல் இத்தாலியின் பெசாரோ நகரில் தொடங்கிய பெனெல்லி 2005 முதல் சீனாவின் சியான்ஜியாங் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அவர்களுடைய டிஆர்கே 502 வண்டி 2021-ல் இத்தாலியிலேயே அதிகம் விற்ற பைக். பிஎம்டபிள்யூவின் எஃப் 850 ஜிஎஸ் வண்டிக்கு என்ஜின் செய்து கொடுத்தது சோங்சிங்கில் உள்ள லோன்சின். கேடிஎம்முக்கு வண்டி தயாரித்துக் கொடுத்திருக்கிறது ஹாங்சோவைச் சேர்ந்த சிஎஃப்மோட்டோ. அதே சீனாவில்தான் மூன்று வருடத்தில் பெயரே மறைந்துபோகும் சின்னச் சின்ன பிராண்டுகளும் இருக்கின்றன. எனவே எந்தத் தொழிற்சாலை என்று கேளுங்கள். எந்த நாடு என்பது அதற்கு அடுத்துதான்.

ஆனால் அப்பாவின் பயத்தில் ஒரு பாதி சரி. என் மேஜைக்கு வரும் சீன வண்டித் தகராறுகளில் என்ஜின் உடைந்த கதை அபூர்வம். "ரேடியேட்டர் வரவில்லை", "டிஸ்ப்ளே வரவில்லை", "டீலர் கடையை மூடிவிட்டார்" என்பவைதான் அதிகம். நீங்கள் 6 லட்சம் கொடுத்து வாங்குவது வண்டியை மட்டும் இல்லை, சீனத் தொழிற்சாலைக்கும் ஈரோட்டுக்கும் நடுவில் இருக்கும் ஆட்களையும் சேர்த்துத்தான். சோதிக்க வேண்டியது அவர்களைத்தான்.

<b>கன்டெய்னரில் கொண்டுவரும் யோசனை</b>

இதை இன்றே விட்டுவிடுங்கள். நண்பர் பின்னல் இயந்திரத்தை இறக்குவது வேறு, சாலையில் ஓடும் வண்டியை இறக்குவது வேறு. இயந்திரத்துக்கு நம்பர் பிளேட் வேண்டாம்.

கணக்கையே முதலில் பாருங்கள். முழுதாகப் பூட்டி வரும் 1600 சிசிக்கு உட்பட்ட பைக்குக்கு அடிப்படைச் சுங்கவரி 2025 பட்ஜெட்டில் 50 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல், 350 சிசியைத் தாண்டிய வண்டிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 40 சதவீதம். சுங்கவரியைச் சேர்த்த தொகை மீதுதான் ஜிஎஸ்டி. ஆக, கப்பல் கூலியும் சேர்த்து 3 லட்சத்துக்கு வரும் வண்டி துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது கிட்டத்தட்ட 5.9 லட்சம். துறைமுகச் செலவும் ஏஜென்ட் கூலியும் தனி. நண்பர் சொன்ன பாதி விலை அங்கேயே போய்விட்டது.

அதையும் மீறி வண்டியை இறக்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி, ஒரு மாடலை இங்கே விற்க வேண்டுமானால் தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ அதன் மாதிரியைச் சோதனை நிலையத்தில் கொடுத்துச் சான்று வாங்கியிருக்க வேண்டும். புனே ஏஆர்ஏஐ, மானேசர் ஐகேட், நம் ஒரகடத்தில் இருக்கும் ஜிஏஆர்சி போன்றவை அந்த வேலையைச் செய்கின்றன. அந்தச் சான்றும், படிவம் 21 (விற்பனைச் சான்று), படிவம் 22 (வண்டி சாலைக்குத் தகுதியானது என்ற சான்று) இரண்டும் இல்லாமல் ஆர்டிஓவில் பதிவு நடக்காது. பதிவு இல்லாவிட்டால் காப்பீடு நிற்காது. சீனாவில் விற்கும் அதே பெயர் வண்டிதானே என்று வாதாடிப் பயனில்லை. இங்கே சான்று பெற்ற வண்டியின் புகைக் கட்டுப்பாட்டு அமைப்பும் விளக்கும் வேறாக இருக்கலாம். வீட்டு வாசலில் துணி போட்டு மூடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க 6 லட்சம் அதிகம்.

உங்கள் டீலர் விற்கும் வண்டி உதிரியாகப் பெட்டியில் வந்து இங்கே பூட்டப்படும் வகையாகத்தான் இருக்கும். அந்த வகைக்குச் சுங்கவரி 10 சதவீதம்தான். இந்தியாவில் இந்த பிராண்டுகள் பிழைத்திருப்பதே அந்த வித்தியாசத்தில்தான். பெட்டியில் வருவதால் வண்டி மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அந்தப் பெட்டியைத் திறந்து பூட்டியவர் யார், எங்கே பூட்டினார் என்பது முக்கியம். இறக்குமதி நிறுவனத்தின் ஆலையில் முழுதாகப் பூட்டிச் சோதித்து அனுப்புவது ஒரு விதம். ஷோரூமின் பின்பக்கத்தில் சக்கரம், ஹேண்டில்பார், கண்ணாடி, பேட்டரி மாட்டுவது இன்னொரு விதம். உங்களுக்கு நடக்கப்போவது எது என்று நேராகவே கேளுங்கள்.

<b>சனிக்கிழமைக்கு முன் கேட்க வேண்டியவை</b>

விற்பனைப் பிரிவில் கேட்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் கூடத்துக்குப் போய் அங்கே இருக்கும் மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். கிளட்ச் கேபிள், பிரேக் பேட், ஆயில் ஃபில்டர், முன் இண்டிகேட்டர், கிளட்ச் லீவர், ரேடியேட்டர் ஆகியவற்றின் விலையும் இருப்பும் வேண்டும் என்று சொல்லுங்கள். முதல் மூன்றும் அலமாரியில் இருக்க வேண்டும். ரேடியேட்டர் இல்லை என்றால் தப்பில்லை, எத்தனை நாளில் வரும் என்று சொல்லத் தெரிய வேண்டும். "வந்திடும் சார்" என்பது பதில் ஆகாது. அந்தக் கூடத்தில் தூசி படிந்து நிற்கும் வண்டிகள் இருந்தால், எதற்காக நிற்கின்றன என்று அங்கே வேலை செய்யும் பையனிடம் டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள். நான் எழுதுவதைவிட அவன் சொல்வது உங்களுக்கு உதவும்.

வாரன்டி தருவது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் சீன நிறுவனம் இல்லை, இந்திய இறக்குமதியாளர். அவர் நாளைக்கு விலகிவிட்டால்? இது கற்பனைப் பயம் இல்லை. 2018-ல் ஒரு பெரிய பிராண்டின் விநியோக நிறுவனம் நிதிச் சிக்கலில் விழுந்து, அதே ஆண்டில் வேறு நிறுவனத்தின் கைக்குப் போனது. இடைப்பட்ட மாதங்களில் வண்டி வைத்திருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோதும், 2023 ஏப்ரலில் அதன் அடுத்த கட்டம் வந்தபோதும், குறைவாக விற்கும் மாடலுக்கு மறுபடி செலவு செய்து சான்று வாங்குவதா என்று பல இறக்குமதியாளர்கள் யோசித்தார்கள். சில மாடல்கள் அப்படியே காணாமல் போயின. உங்கள் மாடல் எத்தனை ஆண்டாக இங்கே விற்பனையில் இருக்கிறது, அதே என்ஜினில் வேறு வண்டியும் விற்கிறார்களா என்று பாருங்கள். என்ஜின் பொதுவாக இருந்தால் மாடல் நின்றாலும் சாமான் கிடைக்கும்.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. வண்டியில் தேய்ந்து போகும் பொருள்களில் பாதி, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத அளவுகள். சக்கர பேரிங்கின் ஓரத்தில் 6203, 6204 என்று எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைச் சொன்னால் ஈரோட்டிலேயே எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். ஆயில் சீலும் அளவைச் சொல்லி வாங்கலாம். செயின், டயர், பேட்டரி, ஸ்பார்க் பிளக் கவலையே இல்லை. கிடைக்காதவை இசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), டிஸ்ப்ளே, முன் விளக்கு, ரேடியேட்டர், பிளாஸ்டிக் உறுப்புகள். வாங்கும்போதே கிளட்ச் கேபிள், இரண்டு லீவர், ஒரு செட் பிரேக் பேட், இரண்டு ஆயில் ஃபில்டர் வாங்கி வீட்டில் போட்டுவிடுங்கள். கோவை உங்களுக்கு 100 கிலோமீட்டர். ஒரு கேபிளுக்காக வண்டியை டெம்போவில் ஏற்ற வேண்டாம்.

விலைப்பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 1 லட்சத்துக்கு மேல் விலையுள்ள பைக்குக்கு ஆயுள் வரி 12 சதவீதம். உங்கள் வண்டிக்குச் சுமார் 74,000. 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு, 2022-ல் அறிவித்த கட்டணப்படி 15,117 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. இவை சரி. நீங்கள் எழுதியிருக்கும் "ஹேண்ட்லிங் 9,500" எதற்கு என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டார்கள். எழுதாததைக் கொடுக்கவும் வேண்டியதில்லை.

<b>பூட்டியதைச் சரிபார்ப்பது</b>

யூடியூப் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் 250 சிசி சீன வண்டிகளை ஆன்லைனில் வாங்குவார்கள். இரும்புச் சட்டத்தோடு வீட்டு வாசலுக்கே வரும், வாங்கியவரே பூட்டிக்கொள்வார். அவற்றில் பலவும் கார்புரேட்டர் வண்டிகள். அந்த வீடியோக்கள் அவர்களுக்கானவை. உங்கள் வண்டியில் கார்புரேட்டரே கிடையாது, எரிபொருளை அளந்து தெளிப்பது இசியூ. ஜெட் என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லா போல்ட்டையும் கழற்றி மாட்டுவதும் வேண்டாம். அளவுக்கு மீறி முறுக்கி அலுமினிய மரை பிய்ந்துபோன வண்டிகளை, லூசாக இருந்து கழன்ற வண்டிகளைவிட அதிகமாகப் பார்க்கிறேன். நீங்களாக என்ஜின் போல்ட்டில் கை வைத்தால் வாரன்டியும் தகராறாகும்.

ஆனால் அந்த வீடியோக்களின் சாரத்தில் உண்மை இருக்கிறது. அவசரமாகப் பூட்டிய வண்டி ஆபத்துதான். ஒருமுறை பெருந்துறை அருகே விழுந்த புது வண்டி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் முன் பிரேக் கேலிப்பரைத் தாங்கும் இரண்டு போல்ட்டில் ஒன்றில் மஞ்சள் கோடு இருந்தது. சரியான அளவுக்கு முறுக்கியதும் அடையாளத்துக்குப் போடும் கோடு அது. இன்னொரு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. மரை சிதையவே இல்லை, புத்தம் புதிதாகப் பளபளத்தது. உடைந்து போகவில்லை, முறுக்கவே இல்லை என்பதை அந்த மரையே சொன்னது. அந்த வண்டி சீனத் தயாரிப்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதனால் டெலிவரியைச் சனிக்கிழமை மாலையில் வைக்காதீர்கள். திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை காலையில், வெளிச்சத்தில், மெக்கானிக் பக்கத்தில் இருக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரமாவது வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாலையும் பூசணிக்காயும் அதற்கப்புறம்.

அளவு பார்த்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் கொண்டு உங்கள் கண் முன்னால் சரிபார்க்கச் சொல்ல வேண்டியவை சிலதான்: முன், பின் ஆக்சில் நட்டு, பிரேக் கேலிப்பர் போல்ட்டுகள், ஹேண்டில்பார் கிளாம்ப், முன் ஃபோர்க்கைப் பிடிக்கும் போல்ட்டுகள், கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட், சைலன்சர் பிடி. பெட்டியிலிருந்து எடுத்துப் பூட்டும்போது கைபடுகிற இடங்களும், முதல் ஆயிரம் கிலோமீட்டரின் அதிர்வில் தளர்கிற இடங்களும் பெரும்பாலும் இவைதான். முன் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு சிறு பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றாலோ, முன்னும் பின்னும் ஆட்டினால் டக்டக் என்றாலோ கோன்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) சரியில்லை. கோன்செட்டிலும், பின் சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்மின் புஷ்ஷிலும் கிரீஸ் பேருக்குத்தான் வைத்திருப்பார்கள் என்பது இந்த வண்டிகளைப் பற்றிய பழைய புகார். முதல் சர்வீஸில் கிரீஸ் வைக்கச் சொல்லிப் பணம் கொடுத்தாவது செய்துவிடுங்கள். காவிரிக் கரையில் மழைக்காலம் ஓட்டப் போகிற வண்டி.

செயினில் தொழிற்சாலையிலேயே தடவிய கெட்டியான மசகு இருக்கும். அது முக்கியமாகத் துரு பிடிக்காமல் இருக்கத்தான். துடைத்துவிட்டு முறையான செயின் மசகு போடச் சொல்லுங்கள். தொய்வு எவ்வளவு என்பது வண்டிக் கையேட்டில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றி மிக இறுக்கமாக வரும் இடத்தில் வைத்து அளக்க வேண்டும். பிரேக் டிஸ்க்கிலும் எண்ணெய்ப் படலம் இருக்கலாம், டயரின் மேல்தோலும் வழுவழுப்பாக இருக்கும். முதல் 100, 150 கிலோமீட்டருக்கு வளைவில் சாய்க்காமல், பிரேக்கை மெதுவாகப் பிடித்துப் பழக்குங்கள். பவானிசாகர் பக்கம் போய் முதல் நாளே வண்டியைப் படுக்க வைத்துப் படம் எடுக்க வேண்டாம்.

கடைசியாக டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் தேடுங்கள். 1824 என்றிருந்தால் 2024-ன் 18-வது வாரத்தில் செய்த டயர். அதைப் படிவம் 21-ல் உள்ள உற்பத்தி மாதத்தோடு ஒப்பிடுங்கள். வண்டி கிடங்கில் எவ்வளவு காலம் கிடந்தது என்று தெரியும். ஒரு வருடத்துக்கு மேல் கிடந்ததென்றால் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள், பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லுங்கள், விலையிலும் பேசுங்கள். பதிவு எண்ணோ தற்காலிகப் பதிவோ இல்லாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். டீலர் அப்படிக் கொடுக்கவே கூடாது என்று விதி 42 சொல்கிறது.

பார்த்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி, டீலர் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். போனில் வீடியோவும் எடுங்கள். இந்தத் தாள் பிறகு எதற்கு என்று கீழே சொல்கிறேன்.

மற்றபடி, முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓட்டாமலும், மேல் கியரில் என்ஜினைத் திணற விடாமலும் இருந்தால் போதும். ஆயில் கையேட்டில் போட்ட தரம்தான், ஜாசோ எம்ஏ2 என்று டப்பாவில் இருக்க வேண்டும். காருக்கு ஊற்றும் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். மனைவியின் பயமும் நியாயமானதே. இந்த வகை வண்டிகள் 200 கிலோவுக்கு மேல். ஓட்டும்போது எடை தெரியாது, வீட்டுச் சந்தில் திருப்பும்போது தெரியும். இரண்டு பேர் போகும்போது பின் ஷாக்கின் பிரீலோடை (ஸ்பிரிங்கின் இறுக்கத்தை) ஏற்றிக்கொள்ளச் சொல்லித் தரச் சொல்லுங்கள். வாங்கும் முன் அவரையும் பின்னால் உட்கார வைத்து, மத்தியான வெயிலில், நெரிசலில் ஒரு டெஸ்ட் ரைடு போங்கள். ஃபேன் ஓடும்போது காலில் அடிக்கும் வெக்கையை அப்போதுதான் தெரிந்துகொள்வீர்கள்.

<b>காப்பீட்டில் கோட்டை விடும் இடம்</b>

இது என் தொழில் என்பதால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் கொடுப்பார்கள். உங்கள் வண்டியின் முன்பக்கம் முழுக்க பிளாஸ்டிக், அதுவும் இறக்குமதி விலையில். எனவே தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' கட்டாயம் எடுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: பழுதுச் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பு என்று கணக்காகும். வண்டியைச் சரிசெய்ய மாட்டார்கள், மதிப்பைக் கொடுத்து முடிப்பார்கள். பாலிசியைப் புதுப்பிக்கும்போது, வண்டிக்கு ஆறு மாதம் தாண்டியிருந்தாலே மதிப்பில் 15 சதவீதம் கழிப்பார்கள், மூன்றாவது ஆண்டில் 30 சதவீதம். சாமான் விலை மட்டும் குறையாது. அதனால் இந்த வண்டிகள் நடுத்தரமான ஒரு விழுகையிலேயே முழு இழப்பாகிவிடுகின்றன. முதல் சில ஆண்டுகளுக்கு முழு இழப்பானால் வாங்கிய விலையையே தரும் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற கூடுதல் பாதுகாப்பு எடுப்பது வீண் செலவில்லை.

சாமான் வராமல் வண்டி நான்கு மாதம் நின்றால் அந்த நான்கு மாதத்துக்கு காப்பீட்டு நிறுவனம் எதுவும் தராது. பக்கப் பெட்டிகளையும் கூடுதல் விளக்கையும் பாலிசியில் எழுதிப் பிரீமியம் கட்டாவிட்டால் அவற்றுக்கும் தராது. விளக்குக்காக வயரை வெட்டி ஒட்டினால் மின் கோளாறுக்கான வாரன்டியை மறந்துவிடலாம். வண்டியின் சொந்த கனெக்டரில் செருகும் வகையாகப் பார்த்து, அதுவும் முதல் சர்வீஸுக்குப் பிறகு, டீலரிடமே போடுங்கள். சைலன்சர் வேண்டவே வேண்டாம். பதிவுச் சான்றில் உள்ளதிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. ஊர்க்காரர்களின் காதையும் நினைத்துப் பாருங்கள்.

<b>30 நாள் சட்டம்</b>

அப்படி ஒன்று இங்கே இல்லை. அமெரிக்க மாநிலங்களில் குறைபாடுள்ள வண்டிக்கென்று தனிச் சட்டங்கள் உண்டு, அதைத்தான் யாரோ நமக்கும் சொல்லிவிட்டார்கள். நமக்கு இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. அதில் ஆணையம் பழுதை நீக்கச் சொல்லலாம், வண்டியை மாற்றித் தரச் சொல்லலாம், பணத்தைத் திருப்பச் சொல்லலாம். ஆனால் ஒரு பாகம் கெட்டதற்காக முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்வது சுலபம் இல்லை. வாரன்டி பாகத்தை மாற்றித் தருவதோடு நிற்கும்போது முழு வாகனத்தையும் கேட்க முடியாது என்று மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லியிருக்கிறது. உற்பத்தியிலேயே உள்ள குறை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். அதற்குத்தான் டெலிவரி நாளின் தாளும், ஒவ்வொரு முறை வண்டியை சர்வீஸுக்கு விடும்போதும் வாங்கும் ஜாப் கார்டும் (வேலைச் சீட்டு). புகாரை வாயால் சொல்லிவிட்டு வந்தால் அது நடந்ததாகவே கணக்கில்லை. உங்கள் வார்த்தையிலேயே ஜாப் கார்டில் எழுத வையுங்கள்.

தயாரிப்பாளர் சீனாவில் இருக்கிறாரே, யாரைப் பிடிப்பது என்று கவலைப்பட வேண்டாம். இந்தச் சட்டத்தில் 'விற்பவர்' என்பதற்குள் இறக்குமதி செய்பவரும் வருகிறார். வண்டிக் குறையால் உங்களுக்கோ மற்றவர்களுக்கோ காயம் ஏற்பட்டால், தயாரிப்பாளர் மீது இந்திய உத்தரவைச் செயல்படுத்த முடியாத நிலையில் விற்றவரே பொறுப்பு என்கிறது 86-வது பிரிவு. பூட்டுவதிலும் பரிசோதிப்பதிலும் கவனக்குறைவு இருந்தாலும் அவரே பொறுப்பு. சனிக்கிழமை அவசரம் காட்டும் டீலருக்கு இது தெரிந்திருந்தால் நல்லது.

வழக்கென்று வந்தால் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஈரோட்டு மாவட்ட ஆணையத்திலேயே தொடுக்கலாம். 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும், உங்கள் வண்டி விலைக்குக் கட்டணம் 200 ரூபாய். காலக்கெடு இரண்டு ஆண்டு. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தால் பல நேரம் சாமான் வேகமாக வந்துவிடுகிறது.

இனி முன்பணம். இந்த வாரமே கோவைக்குப் போய், சர்வீஸ் கூடத்தில் மேலே சொன்ன கேள்விகளைக் கேளுங்கள். உங்களைப்போல வெளியூரில் இருந்து சர்வீஸுக்கு வரும் ஒருவரிடமாவது பேசுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் தயங்காமல் எடுங்கள், வண்டி உங்களை ஏமாற்றாது. மழுப்பினால் முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள், கேட்பதை மின்னஞ்சலில் கேளுங்கள். புக்கிங் ரசீதின் பின்பக்கம் ரத்து விதி பொடி எழுத்தில் இருக்கும், அதையும் படித்துவிட்டுப் போங்கள். கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள் என்றால்கூட வாங்கிக்கொண்டு வாருங்கள். 350 சிசிக்கு உட்பட்ட சீன வண்டிகளும் இருக்கின்றன. அவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான், 150 சிசிக்கு மேற்பட்டதானாலும் ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு அதே 2022 கட்டணப்படி 7,365 ரூபாய்தான், எடையும் குறைவு. 100 சிசியிலிருந்து ஏறி வருகிற உங்களுக்கு அந்த அளவே தாராளம் என்பது என் எண்ணம். ஆனால் ஆசை உங்களுடையது, பணமும் உங்களுடையது.